பிரிவுக்கு எல்லை: நாஞ்சில் நாட்டார் அயல்நாட்டுப் பணியும் நிலைவாழ்வுரிமைக் காத்திருப்பும்

தமிழர்தம் அகவாழ்விற்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர் பிரிவினைக் குற்றமாகக் கருதினாரல்லர். ஓதல், பகை, தூது, காவல், பொருள் எனப் பிரிதற்குரிய காரணங்களை எடுத்தோதினார். அப்பிரிவு எத்துணைக் காலம் நீளலாம் என்பதற்கும் வரம்பு கூறினார். இவ்வரம்பு பற்றிய நூற்பாக்கள் கற்பியலின் பிற்பகுதியில் அமைந்துள்ளன. அளவாற் சிறிய இந்நூற்பாக்கள் பொதுவாக ஆழ்ந்து ஆராயப்படுவதில்லை. ஆயினும், பிரிவிற்கு எல்லை ஏன் வேண்டும் என்னும் வினா இக்காலத்தில் மீண்டும் எழுகின்றது. தொழிற்கல்வி கற்றுத் தேர்ந்து, அயல்நாட்டில் வேலை பெற்று, ஆங்கு நிலையாக வாழும் உரிமை வேண்டி விண்ணப்பித்து, அவ்வுரிமை எந்நாளில் வரும் என அறியாது காத்திருப்போர் இன்று பலராவர். நாஞ்சில் நாடு அத்தகையோரை மிகுதியாக அனுப்பிய நிலங்களுள் ஒன்று. அவர்தம் காத்திருப்பின் இயல்பினை விளக்குதலும், அதனை அறிதற்குப் பழைய இலக்கணம் எவ்வாறு துணைசெய்யும் எனக் காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

நாஞ்சில் நாடு என்னும் பெயர் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களையே சிறப்பாகக் குறிப்பது. கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றையும் சேர்த்து, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திருவிதாங்கூர்–கொச்சியினின்றும் பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டம் முழுமையையும் ஈண்டு யாம் கருத்திற் கொள்கின்றோம். தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் குறிக்கும் அதங்கோட்டாசானின் ஊர் விளவங்கோட்டுப் பகுதியிலுள்ள அதங்கோடே எனக் கொள்வார் பலர். அக்கொள்கையின் வன்மை மென்மைகளை ஆராய்தல் ஈண்டு வேண்டப்படுவதன்று. அந்நூலைக் கேட்டு ஏற்ற ஆசானின் ஊர் எனப் போற்றப்படும் மண்ணிலேயே, அந்நூல் வகுத்த வரம்பு பொருந்தாத புதுவகைப் பிரிவு வேரூன்றியுள்ளது என்பதே நம் கருத்தை ஈர்ப்பது.

நூல் கூறும் எல்லை

கல்வி கருதிய பிரிவு மூன்றாண்டினைக் கடவாது என்பதும், வேந்தன் தொழில்மேற் செல்லும் பிரிவு ஓராண்டிற்கு உட்பட்டது என்பதும், ஏனைப் பிரிவுகளும் அவ்வாறே என்பதும் கற்பியல் நூற்பாக்களுக்கு இளம்பூரணர் வழிநின்று கொள்ளும் பொருளாகும். பொருள்வயிற் பிரிவும் இவ் ஓராண்டு வரம்பினுள் அடங்கும். உலகியலில் எல்லாரும் இவ்வரம்பினுள் மீண்டனர் என்று கொள்ளுதல் வேண்டா. செய்யுளில் எது மேற்கொள்ளத் தக்கது என நெறிப்படுத்துவதே இலக்கணத்தின் பணி. ஆதலின், இவ்வரம்பு நடைமுறைக் கணக்கன்று. பிரிவு எந்நிலையில் அறமாக நிற்கும் என்பதற்குரிய அளவுகோல் ஆகும்.

இவ்வளவுகோலின் பயனைத் திணைப் பாகுபாட்டினுள்ளேயே காணலாம். தலைவன் குறித்துச் சென்ற பருவம் வருமளவும் தலைவி ஆற்றியிருத்தல் முல்லை. ஆற்றாது இரங்குதல் நெய்தல். இரண்டிடத்தும் தலைவன் அருகில் இல்லை. இரண்டிடத்தும் துன்பம் உண்டு. முல்லைத் தலைவிக்கு ஒரு நாள் குறிக்கப்பட்டுள்ளது என்பதே வேற்றுமைகளுள் தலையாயது. முல்லைப்பாட்டில் விரிச்சி கேட்டு வரும் முதுபெண்டிர் தலைவியைத் தேற்றுவது, அரசன் வினைமுடித்து மீள்வான் என்னும் துணிவினாலேயாம். திருக்குறளில் தலைவர் பிரிந்த நாள்களைச் சுவரில் ஒற்றி எண்ணி விரல் தேய்ந்த தலைவியின் நிலையும் எண்ணி முடிக்கத் தக்க நாள்களைப் பற்றியதே.

எல்லைக்கு மற்றொரு பயனும் உண்டு. குறித்த பருவம் வந்தும் தலைவன் வாரானாயின், தலைவி அவனைக் குறைகூற இயலும். தோழி, வந்தது கார்ப்பருவம் அன்று, காலமல்லாக் காலத்துப் பெய்த வம்பமாரி என்று கூறி ஆற்றுவிப்பாள். அவ்வாறு மறுத்துரைக்க வேண்டிய தேவை தோழிக்கு ஏன் வந்தது? பருவம் தவறின் பொறுப்பு தலைவனைச் சாரும் என்பதனாலன்றோ? எனவே, எல்லை என்பது காலத்தின் அளவு மட்டும் அன்று. தாழ்த்தலுக்கு இன்னார் பொறுப்பு என்பதனை நிலைநாட்டும் கருவியும் ஆகும். எல்லை குறியாத இடத்தில் தாழ்த்தல் என்பதே இல்லை; தாழ்த்தல் இல்லையாயின் பொறுப்பாளரும் இல்லை. இவ்வுண்மையை உளங்கொண்டு இக்காலப் பெயர்வினை நோக்குவாம்.

நாஞ்சில் நாட்டினின்று நிகழ்ந்த செலவு

1806ஆம் ஆண்டில் இரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சமயப்பணி தொடங்கினார். அதன்பின் இலண்டன் மிஷன் சார்பில் இந்நிலத்தில் பள்ளிகள் பெருகின. 1838ஆம் ஆண்டில் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கப் பெற்றது. பிற சமயத்தாரும் அரசும் நிறுவிய கல்வி நிலையங்களும் இவற்றோடு சேர்ந்தன. 2011ஆம் ஆண்டின் மக்கட்கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு நூற்றுக்கு 91.75 எனக் கண்டறியப்பட்டது. அஃது அக்கணக்கின்படி தமிழ்நாட்டு மாவட்டங்களுள் முதலிடம் ஆகும். ஆடவர் ஆயிரவர்க்குப் பெண்டிர் 1,019 எனவும், சதுரக் கிலோமீட்டருக்கு மக்கள் 1,111 எனவும் அக்கணக்கு காட்டியது. கற்றவர் மிகுதி, நிலம் சிறிது, கற்றார்க்கேற்ற பெருந்தொழில்கள் குறைவு. இம்மூன்றும் கூடிய இடத்தில் மக்கள் வெளியே செல்லுதல் இயல்பே.

இச்செலவின் திசை காலந்தோறும் மாறி வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூர் மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உயர்ந்தபின் பாரசீக வளைகுடா நாடுகள் கட்டுமானப் பணிகளைப் பெருக்கின. கொத்தர், தச்சர், மின்வினைஞர், ஓட்டுநர் ஆகியோர் அந்நாடுகளுக்குத் திருவனந்தபுரம் வானூர்தி நிலையம் வழியாகச் சென்றனர். பின்னர்ச் செவிலியரும் பொறியியலாளரும் கணிப்பொறி வல்லுநரும் வளைகுடாவிற்கும், அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் செல்லலாயினர்.

செவிலியர் செலவு தனித்து நோக்கத் தக்கது. முந்நீர் வழக்கம் மகளிரோடு இல்லை என்னும் கருத்துடைய அகத்திணையியல் நூற்பாவிற்குக் கடல்மேற் செலவில் மகளிரை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என இளம்பூரணர் பொருள் கொண்டார். நச்சினார்க்கினியர் முந்நீர் என்பதனை மூன்று நீர்மை எனக் கொண்டு வேறு பொருளும் உரைத்தார். எவ்வுரையைக் கொள்ளினும் பிரிந்து செல்வோன் ஆடவனே. இருந்து காப்பவள் பெண்ணே. இன்று நாஞ்சில் நாட்டுச் செவிலி முதலிற் கடல் கடக்கின்றாள். கணவன் குழந்தையோடு ஊரில் இருக்கின்றான்; அல்லது அவள் பெற்ற உரிமையின் நிழலிற் பின்னர்ச் சென்று சேர்கின்றான். உரிப்பொருள் மாறவில்லை, அதனை உடையார் மாறியுள்ளனர்.

வேலை பெறும் வழி

வேலை தேடுவோர்க்குரிய வழிகள் மூன்று. அரசு நிறுவனம் ஒன்று. தமிழ்நாட்டரசு 1978ஆம் ஆண்டில் நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இவ்வகையினது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்ற முகவர் இரண்டாவது. முகவர் சிலர் செவிலியரிடம் பெருந்தொகை பெற்றமை வெளிப்பட்டபின், குடிபெயர்வுச் சோதனை வேண்டப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அனுப்புதல் அரசு சார்ந்த நிறுவனங்கள் வாயிலாகவே நிகழவேண்டும் என 2015ஆம் ஆண்டில் நடுவணரசு விதித்தது. மூன்றாவது வழி உறவினரும் ஊராரும் ஆவர்.

இம்மூன்றாவது வழியே தமிழ் மாணவர்க்கு நன்கு விளங்குவது. பரிசில் பெற்று மீண்டவன் வறியவனைக் கண்டு, தான் சென்ற வழியையும், வழியிடை உறும் இன்னல்களையும், சென்றடைந்தபின் நடந்துகொள்ளும் முறையையும் கூறி விடுப்பது ஆற்றுப்படை. முன்னர்ச் சென்றவன் பின் வருவோனுக்கு எந்நிறுவனம் ஊதியம் தாழ்த்தாது தரும், எத்தேர்வினை எப்போது எழுதவேண்டும், எச்சான்றிதழை எங்கு மெய்ப்பிக்க வேண்டும் எனக் கூறுதல் அதன் இக்கால வடிவமாம். செவிலி ஒருத்தி வளைகுடா நாடுகளில் பணிசெய்ய அந்நாட்டு நலத்துறையின் உரிமத் தேர்வினைக் கடத்தல் வேண்டும். இத்தேர்வு, நடத்தும் நிறுவனத்தின் பெயரால் பிரோமெட்ரிக் என்றே மக்கள் வழக்கிற் பயில்கின்றது. அமெரிக்காவிற்கு என்கிளெக்ஸ் தேர்வும், பிரித்தானியாவிற்கு ஆங்கிலப் புலமைத் தேர்வும் அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தின் பதிவும் வேண்டும். பொறியியற் பட்டம் பெற்றவர் கனடாவிற் பொறியாளர் என்னும் தொழிற்பெயரைத் தாங்குதற்கு அவ்வம்மாகாணத்தின் உரிமம் பெறவேண்டும். ஊரிற் பெற்ற பட்டமும் பட்டறிவும் கடல் கடந்தவுடன் மீண்டும் மெய்ப்பிக்கப்பட வேண்டியனவாகின்றன.

ஈண்டு ஒரு சொல்லாட்சி பற்றியும் கூறுதல் வேண்டும். அயலானுக்கு நுழைவுரிமை பெற்றுத்தந்து அவனுக்குப் பொறுப்பேற்பவரை அரபு நாடுகளிற் கஃபீல் என்பர். நம்மவர் பேச்சில் அவர் 'அறபி' அல்லது 'ஸ்பான்சர்'. எழுத்து வழக்கில் இதனைப் புரவலர் எனப் பெயர்ப்பார் உளர். இப்பெயர்ப்பு பொருந்துமாறு இல்லை. பொருநராற்றுப்படையிற் கரிகாலன், விடைபெற்றுச் செல்லும் பொருநனுக்குத் தேரீந்து, ஏழடி பின்சென்று வழியனுப்புகின்றான். பாணனும் பொருநனும் வேண்டும்போது பிறிதொரு வள்ளலை நாடலாம். கஃபீல் முறையிலோ பணியாளன் வேறு வேலைக்குச் செல்லவும், சில நாடுகளில் நாட்டை விட்டு வெளியேறவும், அவருடைய இசைவு வேண்டப்பட்டது. அண்மை ஆண்டுகளிற் பல நாடுகள் இதனைத் தளர்த்தியுள்ளன எனினும், பணியாளன் இருப்பு ஒருவரைச் சார்ந்து நிற்றல் முற்றும் நீங்கிற்றில்லை. ஆதலின், பொறுப்பாளர் என்னும் சொல்லே இதற்கு அமையும். புரவலர் என்னும் சொல்லைப் பயன்படுத்தின், பழைய சொல்லின் பெருமை புதிய முறையின் கடுமையை மறைத்துவிடும்.

நிலைவாழ்வுரிமையின் நடைமுறை

மக்கள் பி.ஆர். என்றும், அமெரிக்காவைக் குறித்துக் கிரீன் கார்டு என்றும் வழங்குவதனை யாம் நிலைவாழ்வுரிமை எனக் குறிக்கின்றோம். இது குடியுரிமை அன்று. வாக்களிக்கும் உரிமை பொதுவாக இதில் அடங்காது. ஆனால், இதனை உடையவன் வேலையை இழப்பினும் நாட்டை இழப்பதில்லை. வேலையுரிமை ஒருவனது தொழிலைச் சார்ந்தது. நிலைவாழ்வுரிமை அவனையே சார்ந்தது. இவ்வேற்றுமையே அனைத்திற்கும் அடிப்படை.

வளைகுடா நாடுகளிற் பணியாளர்க்கு இவ்வுரிமை பெரும்பாலும் இல்லை. அமீரகம் 2019ஆம் ஆண்டு முதல் வழங்கும் பொன் நுழைவுரிமையும், கத்தார் 2018ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்படுத்திய நிலைவாழ்வுரிமையும் சிலருக்கே உரியன. கத்தாரில் அஃது ஆண்டிற்கு நூறு பேர் என்னும் வரம்பினது. எனவே வளைகுடாச் செலவு, எத்துணை ஆண்டு நீளினும், மீண்டு வருதல் உறுதியான செலவு. பழைய பிரிவோடு ஒப்பிடத் தக்கது இது. அமெரிக்கச் செலவு அத்தகையதன்று. குடும்பம் உடன் வாழ்கின்றது, வீடு வாங்கப்படுகின்றது, குழந்தைகள் ஆங்கே கற்கின்றனர். ஆயினும், வாழும் உரிமை மட்டும் தற்காலிகமாகவே நிற்கின்றது.

இதன் காரணத்தைச் சட்டத்தின் அமைப்பிற் காணலாம். 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், வேலை அடிப்படையிலான நிலைவாழ்வுரிமைக்கு ஆண்டிற்கு 1,40,000 இடங்களை வகுத்தது. பணியாளரின் துணைவரும் குழந்தைகளும் இவ்வெண்ணிலேயே அடங்குவர். எந்த ஒரு நாட்டிற் பிறந்தாரும் பொதுவாக நூற்றுக்கு ஏழு பங்கிற்கு மேற் பெறலாகாது என்றும் விதித்தது. ஒரு நாட்டாரே எல்லா இடங்களையும் கொள்ளாதவாறு பல நாட்டார்க்கும் வாய்ப்பு அமையவேண்டும் என்பது இதன் நோக்கம். நோக்கம் நேரியதே. ஆயினும், மக்கள் மிக்க இந்தியாவிற்கும் சில இலட்சம் மக்களே வாழும் சிறு நாட்டிற்கும் ஒரே வரம்பு என்பதன் விளைவு, இந்தியாவிற் பிறந்தாரின் வரிசை நீண்டுகொண்டே செல்வதாயிற்று. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றாலும் இவ்வரிசையினின்று விலகல் இயலாது. நோக்கப்படுவது பிறந்த நாடே.

விண்ணப்பம் மூன்று படிகளை உடையது. அப்பணிக்குத் தக்க உள்நாட்டார் கிடைத்திலர் எனத் தொழில்துறை சான்றளித்தல் முதற்படி. செவிலியர்க்கு இப்படியினின்றும் விலக்கு உண்டு. வேலை தருவோர் குடியேற்றத் துறையிடம் முறையிட்டு ஒப்புதல் பெறுதல் இரண்டாம் படி. உரிமை வழங்கப்பெறுதல் மூன்றாம் படி. பணியாளர் ஒருவர்க்காக முதல் விண்ணப்பம் பதிவான நாளே வரிசையில் அவரது இடத்தைக் குறிக்கும். இதனை முறைநாள் எனலாம். எம்முறைநாள் வரையினர் உரிமை பெறலாம் என்பதனை அயலுறவுத் துறை திங்கள்தோறும் அறிவிக்கும். 2024ஆம் ஆண்டில் இந்தியாவிற் பிறந்தார்க்குரிய இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் 2012ஆம் ஆண்டுக்குரிய முறைநாள்களே நடப்பில் இருந்தன. முதுகலைப் பட்டம் பெற்றோர் பலர் இரண்டாம் பிரிவினர். செவிலியர் பெரும்பாலும் மூன்றாம் பிரிவினர்.

பன்னிரண்டாண்டுக் காத்திருப்பு என இதனைக் கணக்கிடுதல் பிழையாகும். 2012இல் வரிசையில் நின்றவர் பன்னிரண்டாண்டு காத்திருந்தார் என்பதே உண்மை. 2024இல் வரிசையிற் சேர்ந்தவர் எத்துணை ஆண்டு காத்திருப்பார் என்பதனை அது கூறாது. அவர்க்கு முன் நிற்போர் தொகை பெருகியுள்ளது. மேலும், இவ்வரிசை முன்னோக்கியே செல்லும் என்னும் உறுதியும் இல்லை. 2022 செப்டம்பரில் 2014 திசம்பர் வரை முன்னேறியிருந்த இரண்டாம் பிரிவின் முறைநாள், அடுத்த திங்களிலேயே 2012 ஏப்பிரலுக்குப் பின்வாங்கியது. சுவரில் இட்ட கோடுகளை எண்ணிய தலைவிக்கு, இட்ட கோடுகள் தாமே அழிந்து தொடக்கத்திற்கு மீளும் துன்பம் நேர்ந்ததில்லை.

இக்காத்திருப்பின்போது பணியாளரைப் பற்றி நிற்கும் கட்டுகள் பல. எச்-1பி எனப்படும் வேலையுரிமை பொதுவாக ஆறாண்டு எல்லை உடையது. நிலைவாழ்வுரிமை விண்ணப்பம் தேங்கி நிற்பார்க்கு அதனை நீட்டித்துக்கொள்ள 2000ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. பணி நீங்கின், வேறு பணி தேடுதற்கு 2017ஆம் ஆண்டு நடப்பிற்கு வந்த விதிப்படி அறுபது நாள் வரையே இடமுண்டு. வேறு நிறுவனத்திற்கு மாறினால் முறைநாளைக் காத்துக்கொள்ளலாம் எனினும், முதலிரு படிகளைப் பொதுவாக மீண்டும் ஏறல் வேண்டும். துணைவர் பணிசெய்தல் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. 2015ஆம் ஆண்டிலேயே இரண்டாம் படி கடந்தாரின் துணைவர்க்கு இசைவு கிடைத்தது. குழந்தைகள் இருபத்தோராம் அகவையைக் கடப்பின் பெற்றோரின் விண்ணப்பத்தினின்றும் நீங்குவர். 2002ஆம் ஆண்டின் சட்டம் அகவைக் கணக்கிற் சிறிது தளர்வு தந்ததேயன்றி, நீண்ட வரிசைக்கு அது போதுமாறில்லை. கைக்குழந்தையாகச் சென்று, அந்நாட்டு மொழியையே முதன்மொழியாகக் கொண்டு வளர்ந்த பிள்ளை, தன் இருபத்தோராம் பிறந்தநாளில் தனக்கெனத் தனி உரிமை தேடவேண்டியதாகின்றது.

ஊரிலுள்ள பெற்றோர் நிலையும் இதனோடு பிணைந்தது. நாட்டை விட்டு வெளியேறின் மீண்டும் நுழைதற்குத் தூதரகத்தில் முத்திரை பெறவேண்டுமென அஞ்சி, தாய் தந்தையர் ஈமக்கடனுக்கும் வாராது நின்றோர் உளர். வளைகுடாவிற்குச் சென்றவன் விடுப்பில் வந்து மீள்வான். நிலைவாழ்வுரிமை பெற்றவன் விரும்பும்போது வருவான். இரண்டிற்கும் இடையில் நிற்பவனே வருதற்கு அஞ்சுகின்றான்.

இந்நாட்டு வரம்பினை நீக்கும் சட்டமுன்வரைவு 2019 சூலையில் அமெரிக்கக் கீழவையிற் பெரும்பான்மையோடு நிறைவேறியது. 2020 திசம்பரில் மேலவையும் வேறு வடிவில் ஒன்றனை ஏற்றது. இரண்டும் ஒன்றுபடாமையின் சட்டமாகவில்லை. வேலை தருவோர் தம் பங்கினைச் செய்தனர், குடியேற்றத் துறை சட்டத்தின்வழி நின்றது, அயலுறவுத் துறை எண்ணிக்கையை அறிவித்தது, பேரவையினர் விவாதித்தனர். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்தும் காத்திருப்பு நீளுகின்றது. எல்லை குறியாத இடத்தில் பொறுப்பாளர் இல்லை என மேலே கூறியதன் மெய்ம்மை இதுவாகும்.

எல்லை குறித்த நாடுகள்

வேறு நெறி மேற்கொண்ட நாடுகளும் உள. கனடா 2015 சனவரி முதல் அகவை, கல்வி, மொழிப்புலமை, பட்டறிவு ஆகியவற்றிற்குப் புள்ளி வழங்கி, உயர்ந்த புள்ளி பெற்றாரை அழைக்கும் முறையைத் தொடங்கியது. அழைக்கப்பெற்றாரின் விண்ணப்பங்களைப் பெரும்பாலும் ஆறு திங்களில் முடித்தல் அதன் குறிக்கோள். ஆஸ்திரேலியாவும் புள்ளிமுறையைக் கையாள்கின்றது. பிறந்த நாடு பற்றிய வரம்பு இவற்றில் இல்லை. தகுதியில்லார்க்கு இல்லை என்னும் விடை விரைவிற் கிடைக்கும். அவ்விடையும் ஒருவகை உதவியே. அமெரிக்க வரிசையில் நின்ற நம்மவர் சிலர் கனடாவை நாடிச் சென்றதற்கு ஊதியம் காரணமன்று; ஊதியம் பெரும்பாலும் ஆங்குக் குறைவே. நாள் தெரியும் என்பதே காரணம்.

எல்லை குறித்த நாடுகளும் அதனை மாற்றுதல் உண்டு. பிரித்தானியாவில் திறன்மிகு பணியாளர் ஐந்தாண்டுகளின்பின் நிலைவாழ்வுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பல்லாண்டு நிலவிய விதி. 2025 மே திங்களில் அந்நாட்டரசு வெளியிட்ட வெள்ளையறிக்கை இதனைப் பொதுவாகப் பத்தாண்டாக்கும் கருத்தினை முன்வைத்தது. கனடாவும் 2024 அக்தோபரில், அடுத்த ஆண்டிற்கான நிலைவாழ்வுரிமை இலக்கினை 5,00,000இனின்று 3,95,000ஆகக் குறைத்து அறிவித்தது. இம்மாற்றங்கள் வருந்தத் தக்கனவெனினும், எல்லை இல்லாமையோடு இவற்றை ஒன்றாக எண்ணலாகாது. எல்லையை மாற்றியவர் இன்னார் என்பது வெளிப்படை. அவரை நோக்கி வினவலாம்.

இலங்கை தரும் சான்று

எல்லையற்ற காத்திருப்பு தமிழர்க்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் இந்திய வழித்தோன்றல்களான தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். 1949ஆம் ஆண்டின் சட்டப்படி விண்ணப்பித்த எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 1,34,000 பேர்க்கே அது கிடைத்தது. 1964 அக்தோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த உடன்பாட்டில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் கூறப்பட்டது. பதினைந்தாண்டில் நிறைவேற்றுவதென்பதே ஒப்பந்தம். அவ்வெல்லை கடந்தது. எஞ்சியோர் அனைவர்க்கும் வழிசெய்த இலங்கைச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

தாயகம் திரும்பியோருள் ஒரு பகுதியினர் நாஞ்சில் நாட்டின் மலையடிவாரத்துக் கீரிப்பாறை முதலிய இடங்களில் உள்ள அரசு இரப்பர்த் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். இலங்கைத் தோட்டத்து உழைப்பாளியும் அமெரிக்க நிறுவனத்துப் பொறியியலாளரும் செல்வத்தால் ஒப்பாகார். நாடற்றவராதலும் உரிமை தாழ்த்தலும் ஒரே துன்பமும் அல்ல. ஆயினும் ஒரு கூறு பொதுவாகும். விண்ணப்பித்தவர் ஒரு தலைமுறை. விடை பெற்றவர் மற்றொரு தலைமுறை. காத்திருப்பு எல்லையின்றி நீளின், அது சொத்தினைப்போல் மக்கட்கு வழிவழியாக இறங்குகின்றது. இருபத்தோராம் அகவையில் வரிசை நீங்கும் பிள்ளையின் நிலையும் இதற்கு அணித்தே ஆகும்.

தடையும் விடையும்

இவர்கள் தாமே விரும்பிச் சென்றவர், நல்லூதியம் பெறுவோர், மீள விரும்பின் மீளலாம், ஆதலின் இவர் துன்பம் ஆராயத் தக்கதன்று எனச் சிலர் தடை கூறுவர். பொருள்வயிற் பிரிந்த தலைவனும் தானே விரும்பிச் சென்றவன், அவனும் பொருளீட்டினான். விருப்பத்தோடு மேற்கொண்ட பிரிவிற்கே நூல் எல்லை கூறியது. மேலும், பதினைந்தாண்டு ஒரு நாட்டில் உழைத்து, ஆங்கே குழந்தைகளை வளர்த்தவர்க்கு மீளுதல் என்பது புறப்பட்ட இடத்திற்கு வருதல் ஆகாது. அஃது இரண்டாவது புலப்பெயர்வு.

அயலாரை ஏற்பதும் ஏலாமையும் அந்நாட்டார் உரிமையன்றோ எனவும் வினவலாம். உண்மையே. மணிமேகலை, மகத நாட்டுக் கைவினைஞரும் மராட்டக் கம்மியரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடிப் பணிசெய்ததைக் கூறும். திறனுடைய அயலாரை ஏற்ற நகரங்கள் நம்மிடத்தும் இருந்தன. அவர்தம் வாழ்வுரிமை எத்தகையது என அந்நூல் கூறவில்லை. ஏற்பதா மறுப்பதா என்பதனை ஒரு நாடு முடிவு செய்யலாம். ஏற்றுக்கொண்டு உழைப்பினைப் பெற்றபின், விடையை மட்டும் நாள் குறியாது நிறுத்தி வைத்தலே அறத்திற்குப் பொருந்தாதது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தொல்காப்பியம் கூறும் கால எல்லை வெறும் செய்யுள் மரபன்று என்பதும், பிரிந்தார்க்கும் இருந்தார்க்கும் இடையே பொறுப்பினை நிறுத்தும் நெறி என்பதும், அந்நெறி இல்லாதவிடத்து முல்லை நெய்தலாகும் என்பதும் பெறப்பட்டன. நாஞ்சில் நாட்டார் காத்திருப்பில் அவரை வருத்துவது தொலைவு மட்டுமன்று. உழைப்பின் கடுமை மட்டுமன்று. நாள் குறியாமையே முதன்மையானது.

தமிழ் ஆய்வாளர்க்கு இதனிடத்துச் செய்யத் தக்க பணி இரண்டுண்டு. நிலைவாழ்வுரிமை, வேலையுரிமை, முறைநாள், பொறுப்பாளர் என்றாற்போலும் சொற்களைப் பொருள் மயங்காது வரையறுத்தல் ஒன்று. வேலையுரிமையை நிலைவாழ்வுரிமையென மயங்கி, முகவர் சொல்லை நம்பிப் பொருளிழப்போர் இன்றும் உளராதலின், இஃது அகராதிப் பணியோடு அமைவதன்று. மற்றொன்று, சென்றவரும் இருப்பவரும் எழுதிய கடிதங்களையும், அவர்தம் பேச்சு வழக்கினையும் ஊர்தோறும் தொகுத்தல். வளைகுடாவிலிருந்து எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த கடிதங்கள் நாஞ்சில் நாட்டு இல்லங்களிற் பழம்பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை எழுதினோரும் பெற்றோரும் முதுமை எய்திவிட்டனர். முதுகலை மாணவர் தத்தம் ஊரிலேயே தொடங்கத் தக்க இப்பணியைத் தாழ்த்தாது மேற்கொள்வாராக.